ஆற்றுவதில் தொடங்குங்கள்: வீட்டு பியர் கருவிகளையும் வாலையையும் மேம்படுத்தும் வழி

20 லிட்டர் அளவில் வீட்டில் பியர் போடுகிறவர் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் முதலில் கண் போவது காய்ச்சும் பெரிய பாத்திரமான கெட்டில் மேல். அடுத்து, அதிக வாட் கொண்ட ஹீட்டர் மேல். இரண்டுமே சூடேற்றும் பக்கத்தைச் சேர்ந்தவை. சூடேற்றுவதில் அநேகமாக யாரும் தோற்பதில்லை. இருக்கிற அடுப்பிலேயே தண்ணீர் கொதித்துவிடும், கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். பியர் கெடுவதெல்லாம் அடுப்பை அணைத்த பிறகு. வோர்ட், அதாவது மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய தானியம்) இறக்கிய இனிப்புச் சாறு, மணிக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். நொதிக்கும்போது யாரும் பார்க்காமலே சூடு ஏறும். கடைசியில் கெக்குக்கு, அதாவது பியரை அழுத்தத்தில் வைக்கும் உலோகக் கலனுக்கு, மாற்றும்போது காற்று படும். ஆவியாக்கிக் குளிரவைத்து வடிக்கும் வாலையிலும் இதே கதைதான்: பாத்திரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஆவியைக் குளிர்விக்க முடிகிற அளவுக்குத்தான் வடிக்க முடியும்.

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். கருவி வாங்குவதிலும் அதே அவசரம். அதனால் இங்கே வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம்: அளவிடும் கருவி, நொதிக்கும் இடம், கொதித்ததை ஆற்றும் சில்லர், பம்ப், வால்வு, அதற்குப் பிறகுதான் கெட்டில்.

அளவிடும் கருவியை நம்பும் முன்

வெப்பமானியை இரண்டு இடத்தில் சோதியுங்கள். நொறுக்கிய ஐஸ் நிறைந்த தம்ளரில், ஐஸ் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கலக்கினால் 0 டிகிரி காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 100 காட்ட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 1 டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு தவறினால் அதை மனதில் கழித்துக்கொண்டு பயன்படுத்தலாம். ஒன்றில் சரியாகவும் மற்றதில் 2 டிகிரி தள்ளியும் காட்டினால் தூக்கிப்போடுங்கள். மாஷ் செய்யும்போது, அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது, 65க்கும் 68க்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் பியர் இனிப்பு குறைந்து வறண்டதாக வருமா, வாயில் உடல்கனத்தோடு வருமா என்பது முடிவாகிறது; 2 டிகிரி பிழை அதைத் தின்றுவிடும்.

திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் மிதக்கவிட்டால் 1.000 காட்ட வேண்டும், அதுவும் அதன் மேல் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையில். பெரும்பாலும் 20 டிகிரி, சிலவற்றில் 15.6. ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இரண்டு சொட்டில் வேலையை முடித்துவிடும் என்பதால் பலர் ஹைட்ரோமீட்டரை மறந்துவிடுகிறார்கள். நொதித்தல் தொடங்கி ஆல்கஹால் கலந்ததும் ரிஃப்ராக்டோமீட்டர் உள்ளதை விட அதிகமாகக் காட்டும். திருத்தக் கணக்குப் போடாமல் அதை வைத்து "நொதித்தல் நின்றுவிட்டது" என்று முடிவு செய்யாதீர்கள்.

நொதிக்கும் ஃபிரிட்ஜ்

ஒரே ஒரு மேம்பாட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கெட்டிலை மாற்றினால் உங்கள் முதுகு வலி குறையும். நொதிக்கும் வெப்பநிலையைப் பிடித்தால் பியரின் ருசியே மாறும்.

ஈஸ்ட் வேலை செய்யும்போது சூட்டை வெளியிடுகிறது. 20 லிட்டர் ஃபெர்மென்டரின், அதாவது நொதிக்கும் கலனின், உள்ளே, வேகம் உச்சத்தில் இருக்கும் நாளில், சுற்றியுள்ள காற்றை விட 3 முதல் 5 டிகிரி வரை அதிகம் இருக்கும். அறை 22 டிகிரி என்றால் உள்ளே 26. ஏல் என்ற பியர் வகைக்கான ஈஸ்டுகளில் பெரும்பாலானவை 18 முதல் 20க்குள் நன்றாக நடந்துகொள்ளும். 26இல் பெயின்ட் தின்னர் போன்ற வாடையும், மறுநாள் தலைவலி தரும் கன ஆல்கஹால்களும் வரும். இவை உருவாவது பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்தில், ஈஸ்ட் பெருகும் கட்டத்தில். ஆக, கட்டுப்பாடு முதல் மூன்று நாளுக்குக் கண்டிப்பாக வேண்டும். அதன் பிறகு 20, 21க்கு ஏற விடுவதே நல்லது. வெண்ணெய் வாடை தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட் அப்போதுதான் திரும்பத் தின்று தீர்க்கும்.

பழைய ஃபிரிட்ஜ் போதும். அதன் சொந்த தெர்மோஸ்டாட் 2 முதல் 8 டிகிரிக்குள்தான் வேலை செய்யும், 18ஐ அதற்குப் பிடிக்கத் தெரியாது. எனவே சுவர் பிளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் வெளிக் கன்ட்ரோலர் ஒன்று வைக்கிறோம். இங்க்பேர்ட் ஐடிசி-308 போன்றவற்றில் குளிர்விக்க ஒன்று, சூடேற்ற ஒன்று என இரண்டு சாக்கெட் உண்டு. ஃபிரிட்ஜின் சொந்தக் குமிழை அதிகக் குளிரில் திருப்பி வைத்துவிடுங்கள். இனி அதை ஆட்டிவைப்பது கன்ட்ரோலர்.

எல்லாம் கெடுவது சென்சாரை வைக்கும் இடத்தில். அதைக் காற்றில் தொங்கவிட்டால் ஃபிரிட்ஜின் காற்று 18இல் இருக்கும், வோர்ட் 22இல் இருக்கும், நீங்கள் 18 என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஃபெர்மென்டரின் வெளிப்புறச் சுவரில், திரவ மட்டத்துக்குக் கீழே பாதி உயரத்தில், சென்சாரின் உலோக முனை முழுக்கச் சுவரோடு ஒட்டும்படி டேப் போடுங்கள். அதன் மேல் 2 அல்லது 3 செ.மீ. தடிமனுள்ள நுரைத் துண்டை உள்ளங்கை அகலத்தில் வெட்டி வைத்து, நான்கு ஓரமும் மறுபடி டேப் போட்டு மூடுங்கள். ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் குளிர்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றும். மூடி வழியாக உள்ளே இறங்கி, சென்சாரை ஏந்தும் குழாயான தெர்மோவெல் இதைவிடத் துல்லியமானது. ஆனால் நுரை ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தால் வித்தியாசம் பெரிதல்ல.

இலக்கு 18.5, விலகல் இரண்டு பக்கமும் 0.5, கம்ப்ரசர் தாமதம் 5 முதல் 10 நிமிடம். தாமதம் இல்லாமல் விட்டால் கம்ப்ரசர் அணைந்த கையோடு மீண்டும் எழ முயன்று சூடாகிச் செத்துப்போகும்.

அடுத்து வரும் தொல்லை இழுபறி. குளிர்விப்பு அணைந்த பிறகும் ஃபிரிட்ஜின் உள்சுவர் சில்லென்றே இருக்கும், அதனால் வோர்ட் இலக்கைத் தாண்டிக் கீழே போகும். உடனே ஹீட்டர் விழித்துக்கொள்ளும். அது தாண்டி மேலே போகும், ஃபிரிட்ஜ் விழிக்கும். நாள் முழுக்க இரண்டும் மாறி மாறி ஓடினால் இதுதான் நடக்கிறது என்று அர்த்தம். விலகலை 1.0 ஆக்குங்கள், அல்லது முதல் மூன்று நாள் ஹீட்டர் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். அந்த நாட்களில் ஈஸ்டே ஹீட்டர். அதன் பிறகும் 25 முதல் 40 வாட் கொண்ட பட்டை ஹீட்டர் தாராளம். பல்பு வேண்டாம்: பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் மேல் வெளிச்சம் பட்டால் நாற்றமெடுக்கும் ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகும்.

சாதாரண வலிமையுள்ள 20 லிட்டர் பியர் நொதித்து முடிப்பதற்குள் ஏறத்தாழ 400 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். கதவைத் திறந்த உடனே தலையை உள்ளே விடாதீர்கள். ஃபிரிட்ஜ் உள்ள அறைக்குக் காற்றோட்டம் இருக்கட்டும்.

ஃபிரிட்ஜ் வைக்க இடமில்லையா? ஃபெர்மென்டரை அகன்ற தொட்டியில் வைத்து, சுற்றி 20 லிட்டர் தண்ணீர் ஊற்றி, உறைய வைத்த பாட்டில்களை மிதக்கவிடுங்கள். 1.5 லிட்டர் ஐஸ் உருகும்போது ஏறத்தாழ 500 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொள்கிறது. 20 லிட்டர் வோர்ட், 20 லிட்டர் தண்ணீர் இரண்டையும் சேர்த்து 3 டிகிரி இறக்க அது போதும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாற்றினால் முதல் மூன்று நாளைக் கடந்துவிடலாம். அழகான ஏற்பாடு இல்லை, ஆனால் கட்டுப்பாடே இல்லாத விலை உயர்ந்த ஸ்டெயின்லெஸ் ஃபெர்மென்டரை விட நல்ல பியர் இதில் வரும்.

கொதித்த வோர்ட்டை ஆற்றுதல்

20 லிட்டரை 100இலிருந்து 20 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 6,700 கிலோஜூல் சூட்டை வெளியேற்ற வேண்டும். தானாக ஆற விட்டால் இரவு முழுதும் ஆகும். அந்த நேரத்தில் 60க்குக் கீழே வந்ததும் பாக்டீரியாவுக்கு விருந்து. 80க்கு மேலே நிற்கும் வரை, வெளிர் மால்ட் என்றால், வேகவைத்த சோள வாடை தரும் டைமெத்தில் சல்ஃபைடு உருவாகிக்கொண்டே இருக்கும். கொதிக்கும்போது மூடியைத் திறந்து வைத்திருப்பதும் அது ஆவியாய்ப் போகத்தான்.

வோர்ட்டில் மூழ்கும் செம்புச் சுருள்தான் வீட்டு அளவுக்குச் சிறந்தது. 10 மி.மீ. வெளிவிட்டமுள்ள செம்புக் குழாய் 12 முதல் 15 மீட்டர் வாங்கி, கெட்டிலின் சுவரிலிருந்து 2, 3 செ.மீ. உள்ளடங்கி நிற்கும்படி சுருட்டுங்கள். வெறும் கையால் வளைத்தால் குழாய் நசுங்கும். வட்டமான பாத்திரம் ஒன்றின் மேல் சுற்றுங்கள், கூர்மையான வளைவுகளுக்கு ஸ்பிரிங் பெண்டர் பயன்படுத்துங்கள். மேல் வளையம் வோர்ட் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வளையம் காற்றைத்தான் குளிர்விக்கும்.

குழாயின் இரு முனையையும் கெட்டில் விளிம்பைத் தாண்டி வெளியே கொண்டுவந்து, 10 செ.மீ. கீழ்நோக்கி வளைத்து, அங்கே ஹோஸைக் கிளாம்ப் போட்டுப் பூட்டுங்கள். கெட்டிலுக்கு நேர் மேலே இணைப்பு இருந்தால் ஒருநாள் கிளாம்ப் தளரும், சொட்டுச் சொட்டாகப் பச்சைத் தண்ணீர் வோர்ட்டில் விழும். ஆவியின் நடுவே அது கண்ணுக்கே தெரியாது. ஒரு வாரம் கழித்துப் புளிப்பாகத் தெரியும்.

சுருளைக் கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போதே உள்ளே இறக்குங்கள், கொதிநீரே அதைச் சுத்தமாக்கும். தண்ணீரைத் திறந்ததும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சுருளை ஒட்டிய வோர்ட் மட்டும் குளிர்ந்து, ஒரு போர்வை போல அதைச் சுற்றி நிற்கும். மற்றது அப்படியே கொதிநிலையில் இருக்கும். சுத்தமான கரண்டியால் மெதுவாக, நிற்காமல் சுழற்றுங்கள், அல்லது சுருளையே மேலும் கீழும் அசையுங்கள். நீளமான சுருள் வாங்குவதை விட இந்தச் சுழற்று அதிகம் உதவும். காசும் ஆகாது.

குழாய்த் தண்ணீரே 28 டிகிரியில் வந்தால் 28க்குக் கீழே எந்தச் சுருளாலும் இறக்க முடியாது. 40 வரை குழாய்த் தண்ணீரால் இறக்குங்கள். பிறகு வாளியில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி, மூழ்கும் பம்ப் வைத்து அதையே சுழல விடுங்கள். 20 லிட்டரை 40இலிருந்து 20க்குக் கொண்டுவரக் கணக்குப்படி 4 கிலோவுக்குச் சற்றே அதிகமான ஐஸ் போதும். வாளி, ஹோஸ், காற்று எல்லாம் பங்கு கேட்கும் என்பதால் 6 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே ஐஸைச் செலவழிப்பது வீண். வோர்ட் கொதிக்கும் நிலையில் இருக்கும்போது சாதாரணத் தண்ணீரே போதிய வித்தியாசத்தைத் தரும். முதலில் வெளிவரும் வெந்நீரைச் சேர்த்து வையுங்கள், கழுவ உதவும்.

பிளேட் சில்லர் வேகமானது, சின்னது, பார்க்கவும் அழகு. ஆனால் அதன் தகடுகளுக்கு நடுவே ஹாப்ஸ் துகள் மாட்டினால் கண்ணால் பார்க்க வழியில்லை, பிரித்துக் கழுவவும் முடியாது. முன்னால் வடிகட்டி இல்லாமல் அதை வாங்காதீர்கள்.

தண்ணீர் பஞ்சமுள்ளவர்களுக்கு இன்னொரு வழி: வோர்ட் 80க்கு மேல் இருக்கும்போதே, வெப்பம் தாங்கும் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் ஜெரிகேனில் நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடி, படுக்கவைத்து மூடியின் உட்புறமும் சூடான வோர்ட் படச் செய்து, இரவு முழுதும் ஆற விடுவது. கடைசியில் போடும் ஹாப்ஸ் கூடுதலாக 10, 20 நிமிடம் கொதித்ததற்குச் சமமாகக் கசக்கும்; அதற்கேற்ப நேரத்தைத் தள்ளிப் போடுங்கள். கண்ணாடி ஜாடியில் இதைச் செய்தால் வெடிக்கும்.

பம்ப், ஹோஸ், வால்வு

வீட்டில் பயன்படும் காந்தப் பம்ப் தானாக உறிஞ்சாது. அதன் இடம் கெட்டிலுக்குக் கீழே, தரைக்கு அருகில். திரவம் தானாக இறங்கி நிரம்பிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். ஓட்டத்தைக் குறைக்கும் வால்வு பம்பின் வெளியேறும் பக்கத்தில் இருக்கட்டும். உள்ளே வரும் பக்கத்தில் நெரித்தால் அழுத்தம் குறைந்து, சூடான வோர்ட் பம்புக்குள்ளேயே கொதிக்கும். கூழாங்கல் உருட்டுவது போன்ற சத்தம் கேட்டால் அதுதான். உடனே அணைத்து, ஹோஸை உயர்த்தி, குமிழை வெளியேற்றி மறுபடி நிரப்புங்கள். ஹோஸ் 12 அல்லது 13 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிகான். உலர்ந்த நிலையில் ஒரு நிமிடம் ஓடினாலும் பேரிங் தேயும்.

வால்வுதான் பலர் கழுவாமல் விடும் இடம். சாதாரண பால் வால்வில் (உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பும் வகை) உருண்டைக்கும் உறைக்கும் நடுவே ஒரு பிறை வடிவ இடைவெளி உண்டு. வால்வை மூடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வோர்ட் அங்கே சிறைப்படுகிறது. சில மாதம் ஆன வால்வைக் கழற்றிப் பார்த்தால் பழுப்பு நிறப் பசை விரலில் ஒட்டும், அழுகிய மால்ட் வாடை வரும். கெட்டிலின் வால்வு கொதியில் வெந்துவிடுவதால் ஓரளவு தப்பிக்கும். ஃபெர்மென்டர் பக்கம் தப்பிக்க வழியில்லை. நான்கு போல்ட்டைக் கழற்றினால் மூன்று துண்டாகப் பிரியும் வகையை வாங்குங்கள். பிரிக்காத நாட்களில் கழுவும் நீர் ஓடும்போது கைப்பிடியைப் பாதித் திறந்த நிலையில் வையுங்கள். அந்த நிலையில்தான் நீர் உருண்டையின் பின்புறம் போகும்.

கழுவ சோடியம் பெர்கார்பனேட், லிட்டருக்கு 5 முதல் 8 கிராம், 50 முதல் 60 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம். பிறகு நன்றாக அலசிவிட்டு, ஸ்டார் சான் போன்ற அமில சானிடைசர் லிட்டருக்கு 1.5 மில்லி கலந்து இரண்டு நிமிடம் நனைய விடுங்கள். அழுக்கு போகாத இடத்தில் சானிடைசர் பயனற்றது. பிளீச்சிங் திரவம் ஸ்டெயின்லெஸ்ஸில் குழி விழச் செய்யும். அமில சானிடைசரோடு கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வரும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். பிளாஸ்டிக் ஃபெர்மென்டரில் கம்பி நார் படவே கூடாது, ஒவ்வொரு கீறலும் பாக்டீரியாவுக்கு வீடு.

காற்று

நொதிக்கும் முன் வோர்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும்: ஆறிய வோர்ட்டை நன்றாகக் குலுக்கினால் 8 பிபிஎம் (பத்து லட்சத்தில் 8 பங்கு) அளவு வரை கிடைக்கும், ஏலுக்கு அது போதும். ஈஸ்ட் போட்ட பிறகு ஒரு துளியும் வேண்டாம். ஹாப்ஸ் நிறையப் போட்ட பியர் இரண்டு வாரத்தில் பழுப்பாகி ஈர அட்டை வாடை அடித்தால், கெக்குக்கு மாற்றிய நாளில் பட்ட காற்றுதான் காரணம்.

19 லிட்டர் கெக்கை விளிம்பு வரை சானிடைசரால் நிரப்பி, மூடி, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தால் அத்தனையையும் வெளியே தள்ளுங்கள். உள்ளே எஞ்சுவது வாயு மட்டும். ஃபெர்மென்டர் குழாயிலிருந்து கெக்கின் திரவ வாய்க்கு ஒரு ஹோஸ், கெக்கின் வாயு வாயிலிருந்து ஃபெர்மென்டரின் மூடிக்கு இன்னொன்று. ஃபெர்மென்டரை உயரத்தில் வைத்தால் பியர் கீழே இறங்கும், வாயு மேலே ஏறும், வெளிக்காற்று எங்கும் நுழையாது. நிறைந்ததை அறியக் கெக்கைத் தராசில் வைப்பதே எளிது.

தெளிவதற்காகப் பியரை 2 டிகிரிக்கு இறக்கும்போது மேலே உள்ள வாயு சுருங்கும், ஏர்லாக்கில், அதாவது வாயுவை வெளியே மட்டும் விடும் நீர் அடைப்பில், உள்ள நீரையும் அதன் பின்னால் காற்றையும் உள்ளே இழுக்கும். குளிர்விக்கும் முன் ஏர்லாக்கைக் கழற்றி, கார்பன் டை ஆக்சைடு நிரம்பிய பலூனை மாட்டுங்கள். பலூன் சுருங்குவதைப் பார்த்தாலே எவ்வளவு காற்று உள்ளே போயிருக்கும் என்று புரியும். மூடிய ஃபெர்மென்டரில் அழுத்தத்தோடு நொதிக்க வைப்பவர்கள், கலனின் தாங்குதிறனுக்குக் கீழே திறக்கும் பாதுகாப்பு வால்வு இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

சூடேற்றும் பக்கம், சுருக்கமாக

மால்ட் மில்லின் இடைவெளி 1.0 முதல் 1.2 மி.மீ.; துணிப்பையில் மாஷ் செய்பவர்கள் 0.7 வரை குறைக்கலாம். உமி முழுதாகவும் உள்ளே உள்ள மாவு உடைந்தும் இருக்க வேண்டும். உமியும் பொடியானால் மாஷ் அடைத்துக்கொள்ளும், ஓட்டம் நிற்கும், அடியில் ஹீட்டர் அதைக் கருக்கும்.

மாஷுக்கு ஊற்றும் நீரின் சூட்டைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். ஒரு கிலோ மால்ட்டுக்கு எத்தனை லிட்டர் நீர் என்பதால் 0.41ஐ வகுத்து, இலக்கு வெப்பத்துக்கும் மால்ட்டின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, இலக்கோடு கூட்டுங்கள். 5 கிலோ மால்ட், 15 லிட்டர் நீர், மால்ட் 25 டிகிரி, இலக்கு 66 என்றால் நீர் 71.6 டிகிரி. குளிர்ந்த பாத்திரம் என்றால் ஒரு டிகிரி கூட்டுங்கள்.

20 லிட்டரை 20இலிருந்து கொதிக்கவைக்க, வீணாகும் சூட்டைச் சேர்க்காமல், 2.4 கிலோவாட் ஹீட்டருக்கு 46 நிமிடம், 3.5 கிலோவாட்டுக்கு 32 நிமிடம். 14 நிமிட லாபத்துக்கு 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் தனி லைன், சரியான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி எல்லாம் வேண்டும். ஈரமான கையோடு வேலை செய்யும் இடம் இது. வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

வாலை

வீட்டில் பியர் போட அனுமதிக்கும் நாடுகளிலும் சாராயம் வடிக்க உரிமம் கேட்பதே வழக்கம். நியூசிலாந்து 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு அனுமதிப்பது விதிவிலக்கு. சட்டம் ஒருபுறம் இருக்க, நெருப்பும் ஒரு காரணம்: 40 சதவீத ஆல்கஹாலின் ஆவி 26 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். ஆகவே இங்கே பேசுவது தண்ணீர் வடிக்கவும், செடிகளிலிருந்து தீநீரும் (மணம் ஏறிய வடிநீர்) வாசனை எண்ணெயும் எடுக்கவுமான வாலை.

மேம்பாடு என்றதும் இங்கேயும் பெரிய கொப்பரைதான் நினைவுக்கு வரும். முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகி, மீண்டும் நீராகி, 30 டிகிரிக்கு ஆற ஏறத்தாழ 2,550 கிலோஜூல் சூட்டைக் கண்டன்சர், அதாவது ஆவியைக் குளிர்விக்கும் குழாய், வாங்கிக்கொள்ள வேண்டும். மணிக்கு ஒரு லிட்டர் வடித்தால் அது 700 வாட் அடுப்பு ஒன்றைத் தொடர்ந்து அணைத்துக்கொண்டிருப்பதற்குச் சமம். குளிர்நீர் 25 டிகிரி சூடேறி வெளியேற அனுமதித்தால் மணிக்கு 24 லிட்டர் ஓட வேண்டும். 40 லிட்டர் வாளியில் பம்ப் வைத்து அதையே சுழற்றினால், ஒரு லிட்டர் வடிவதற்குள் வாளி 15 டிகிரி ஏறிவிடும். இரண்டாவது லிட்டரில் கண்டன்சரின் வாயிலிருந்து ஆவி புகையும். இரண்டு வாளி வைத்து மாற்றுங்கள், அல்லது ஐஸ் போடுங்கள். அடுப்பை 2 கிலோவாட்டில் வைத்துக் கொதி வந்ததும் 700, 800 வாட்டுக்கு இறக்குவது இதனால்தான்.

குளிர்நீர் கண்டன்சரின் கீழ்முனையில் நுழைந்து மேல்முனையில் வெளியேற வேண்டும். மாற்றி மாட்டினால் உறையின் மேற்பகுதியில் காற்று தங்கி, பாதிக் கண்டன்சர் வேலை செய்யாது. அதற்காக மிதமிஞ்சிக் குளிர்விக்கவும் கூடாது: சோம்பு எண்ணெயில் மிகுந்திருக்கும் அனெத்தோல் 21 டிகிரியில் உறையும், குழாயை அடைக்கும். அப்படிப்பட்ட செடிகளுக்கு வடிநீர் 35 டிகிரியில் இறங்கும்படி குளிர்நீரைக் குறையுங்கள்.

வாலைக்கும் சேரும் கலனுக்கும் நடுவே வால்வு எதுவும் இருக்கக் கூடாது. ஆவிக் குழாயின் உள்விட்டம் 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். 10 லிட்டர் பாத்திரம் என்றால் அடியில் 3 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் தண்ணீர் தொடாத உயரத்தில் துளைத் தட்டு, தட்டில் ஒரு கிலோ செடி. அழுத்தித் திணித்தால் ஆவி ஒரு பக்கமாக வழி செய்துகொண்டு மற்ற இடத்தைத் தொடாமல் போகும்; இலை பறந்து குழாய் வாயை அடைத்தால் அழுத்தம் ஏறும். மேலே ஒரு கம்பி வலை போடுங்கள். தண்ணீர் வற்றினால் கருகல் வாடை எண்ணெயில் ஏறிவிடும், பிறகு எதைச் செய்தும் போகாது. 2 லிட்டர் வடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

உலோகம் செம்பு அல்லது ஸ்டெயின்லெஸ். பற்றவைப்பு ஈயமில்லாத வெள்ளீயத்தால். பழைய வண்டி ரேடியேட்டரைக் கண்டன்சராக்குவது உயிருக்கு ஆபத்து, அதன் இணைப்புகளில் ஈயம் இருக்கும். துத்தநாகம் பூசிய இரும்பும் வேண்டாம். ரப்பர், வினைல் ஹோஸ்களை வாசனை எண்ணெய் கரைக்கும். ஆவி செல்லும் பாதையில் டெஃப்லான் டேப் மட்டும். மூடி இடுக்குக்குக் கெட்டியாகப் பிசைந்த மாவே போதும். சூடேறியதும் அது இறுகிவிடும், முடிந்ததும் உடைத்து எடுத்துவிடலாம், மீறி அழுத்தம் ஏறினாலும் முதலில் விட்டுக்கொடுப்பது அதுதான்.

புதிதாகக் கட்டிய வாலையில் முதல் முறை வெறும் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். ஓடும்போது குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியின் முதுகை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் காட்டுங்கள். கசியும் ஆவி வெளியே வரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாது, கரண்டியில் பனிக்கும்.

சேரும் கலன் குறுகிய கழுத்துள்ளதாக இருந்தால் மெல்லிய எண்ணெய்ப் படலமும் தடித்துத் தெரியும். பெரும்பாலான எண்ணெய்கள் மேலே மிதக்கும். கிராம்பு எண்ணெய் நீரை விடக் கனமானது, அடியில் தேடுங்கள்.

அணைப்பதிலும் வரிசை உண்டு. ஹோஸின் முனை வடிநீரில் மூழ்கியிருக்க அடுப்பை அணைத்தால், கொப்பரையில் ஆவி சுருங்கி, ஏர்லாக்கில் நடந்ததே இங்கும் நடக்கும்: எடுத்த எண்ணெய் முழுதும் திரும்பி உள்ளே போகும். மெல்லிய பாத்திரம் என்றால் நசுங்கவும் செய்யும். முதலில் ஹோஸைத் தூக்குங்கள். பிறகு அடுப்பை அணையுங்கள். குளிர்நீரை ஐந்து நிமிடம் கழித்து நிறுத்துங்கள். பாத்திரத்தின் பக்கச் சுவரில் கை வைக்க முடிந்த பிறகு மூடியைத் திறக்கலாம்.